லிஃப்டுக்காரன் லாரி ஏறினான்

என் தம்பி பதினாறு வருஷம் வேலை பார்த்தான். அந்தப் பதினாறு வருஷத்தில் இருந்த இடத்தை விட்டு ஓர் அடி முன்னால் போனதில்லை. கேலி என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் அவன் லிஃப்டு இயக்குபவன். காலை ஒன்பதுக்கு மர ஸ்டூலில் உட்கார்ந்தால் மாலை ஆறு வரை மேலே, கீழே, மேலே, கீழே. முன்னேற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது மதியம் தட்டோடு வாசல் பக்கம் போவதுதான்.

அது பழைய காலத்து லிஃப்டு. பொத்தான் கிடையாது, ஒரு பித்தளைக் கைப்பிடி. இந்தப் பக்கம் தள்ளினால் ஏறும், அந்தப் பக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். எப்போது விடுவது என்பதில்தான் வித்தை. கொஞ்சம் முந்தினால் லிஃப்டு தரைக்குக் கீழே நிற்கும், பிந்தினால் மேலே நிற்கும். இரண்டிலும் யாராவது தடுக்கி விழுவார்கள். என் தம்பி லிஃப்டிலிருந்து ஒருவர்கூடத் தடுக்கி விழுந்ததில்லை. வாசற்படி இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்குத் தரையோடு தரையாக நிறுத்துவான். ஊரே அவனை ‘லிஃப்டு’ என்றுதான் கூப்பிட்டது. அவன் மகள் பள்ளியில் சேர்ந்தபோது அப்பா பெயர் கேட்ட டீச்சரிடம் அதையே சொல்லித் தொலைத்தாள்.

பதினாறு வருஷத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே தத்துவம் இது: "அக்கா, மேல போறப்ப எல்லாரும் நல்லவங்க. காலரைச் சரி பண்ணிப்பாங்க, சிரிச்சுப் பழகிப்பாங்க. கீழ எறங்குறப்பதான் உண்மையைப் பேசுவாங்க." எந்த ஆபீஸில் சம்பளம் நேரத்துக்கு வராது, எந்த டாக்டர் தேவையில்லாமல் ஊசி போடுவார், எந்த மாப்பிள்ளை வீட்டார் சரியில்லை, எல்லாம் அவனுக்குத் தெரியும். யாரையும் அவன் கேட்டதில்லை. இறங்குகிறவர்கள் பேசுவார்கள், இவன் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பான்.

போன வருஷம் அந்த லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். பொத்தானை அமுக்கினால் போதும், ஒரு பெண் குரல் "மூன்றாவது தளம்" என்று இனிக்க இனிக்கச் சொல்லும். "என் வேலைய ஒரு குரல் வந்து புடுங்கிடுச்சு அக்கா. ஆளு வந்திருந்தாக்கூட நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றான். பிரிவுபசாரமாக அந்த மர ஸ்டூலையே கொடுத்தார்கள். அன்றிலிருந்து தானாக ஓடும் எந்த லிஃப்டிலும் ஏற மாட்டேன் என்று சபதம். நாங்கள் எதிரெதிர் வீடு, நான்காவது மாடி. எங்கள் கட்டடத்திலும் பேசுகிற லிஃப்டுதான். கோபம் யார்மேல், தண்டனை யாருக்கு என்று பாருங்கள்: தினமும் நான்கு மாடி ஏறி இறங்கியது அவன் முழங்கால்.

இரண்டு மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டே அறிவித்தான்.

"லாரி ஓட்டப் போறேன்."

"என்னடா உளர்றே?"

"பதினாறு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. இனிமே நேரா போற வேலைதான் வேணும்."

அந்தக் கட்டடத்தின் பின்வாசலுக்கு சாமான் ஏற்றிவரும் லாரிக்காரர்களோடு அவனுக்குப் பழக்கம் உண்டு. ஆசை அங்கே தொற்றியிருக்கிறது. முப்பத்தெட்டு வயசு. சைக்கிளைத் தவிர எதையும் கிடைமட்டமாக ஓட்டியதில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் மனைவி வைக்கவில்லை. அவள் நர்ஸ், எதற்கும் பதற மாட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"தாராளமா ஓட்டுங்க. ஆனா என் நைட் டியூட்டி அன்னிக்கு ஏழே முக்காலுக்கு நீங்க வீட்டுல இருக்கணும். உங்க வண்டிக்காக என் வேலை போகாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினொரு வருஷம் கட்டிலுக்குக் கட்டில் ஓடிய பிறகு, அவளை வார்டுக்குப் பொறுப்பாளர் ஆக்கப்போவதாக அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அந்தப் பொறுப்புக்கு மாதத்தில் பதினைந்து நாள் ராத்திரி வேலை. மகளுக்கு ஏழு வயசு. தனியே விட முடியாது. அத்தை நான் எதிர் வீட்டில்தானே இருக்கிறேன் என்பீர்கள். நானும் அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் இரவு எட்டு மணிக்கு பில் போட உட்கார்கிறவள். அதனால் கணக்கு ரொம்பச் சுலபம்: இவன் நேரத்துக்கு வந்தால் அவள் பொறுப்பாளர், வராவிட்டால் அவள் பழையபடி பகல் டியூட்டி நர்ஸ், ஆயுசுக்கும்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். ஒளிப்பானேன். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., சுவர் முழுக்கப் பளபளவென்று லாரிப் படங்கள். வாசல் கதவு தானாகவே திறந்தது. தம்பி அந்தக் கதவை ஜென்ம விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தான். "இந்த இடம் வேணாம்க்கா" என்றான். "கதவைப் பாத்தா பள்ளிக்கூடத்த முடிவு பண்றது? உள்ள வாடா" என்று இழுத்துப்போனேன்.

மூன்று வாரப் பயிற்சி. இருபத்திரண்டு மாணவர்கள், ஒரு லாரி. திரையைப் பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங் திருப்புகிற ஒரு பெட்டி இருந்தது. அதில் தம்பி மலை, பாலம், மழை எல்லாம் ஓட்டினான். நிஜ லாரியில் மொத்தம் இருபது நிமிஷம் உட்கார்ந்தான். அதிலும் பத்து நிமிஷம் அது நின்றுகொண்டிருந்தது. முடிவில் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். நான் அதை நடு ஹாலில் மாட்டினேன்.

லைசன்ஸ் தேர்வு நாள் வந்தது. முன்னால் ஓட்டுவதில் குறையில்லை. நிறுத்தச் சொன்ன கோட்டில் அச்சுப் பிசகாமல் நிறுத்தினான். அடுத்து, பின்னால் மாட்டிய ட்ரெய்லரோடு ரிவர்ஸில் வந்து இரண்டு வரிசை பீப்பாய்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்று அடித்து வளர்த்த பிள்ளையைப் பின்னால் வா என்றால் எப்படி வருவான்? அதுவும் ட்ரெய்லருக்கு எல்லாம் தலைகீழ். பின்பக்கம் வலதுக்குப் போகவேண்டுமானால் ஸ்டீயரிங்கை இடதுக்குத் திருப்ப வேண்டுமாம்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று அவன் கழுத்தில் இருந்தது. பதினாறு வருஷமாக, வண்டி நகர்ந்தால் அவன் கண் கதவுக்கு மேலே ஓடும் மாடி எண்ணைப் பார்த்தே பழகிவிட்டது. லாரி நகர்ந்ததும் கண் தானாக மேலே போனது. மேலே என்ன இருக்கிறது? கூரை. பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் பார்ப்பாரற்றுக் கிடக்க, இவன் கூரையைப் பார்த்தபடியே பத்துப் பீப்பாயில் ஒன்பதை உருட்டினான். தேர்வாளர் அந்தப் பத்தாவது பீப்பாயைக் காட்டி, "அதுமேல என்னப்பா பாசம்?" என்று கேட்டாராம்.

நான் வாசலில் நின்று தரையைப் பழித்தேன், பீப்பாயைப் பழித்தேன், வெயிலைப் பழித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரியாதவனுடைய அக்காவும் அதையேதான் சொல்வாள். தம்பி மட்டும் அங்கேயே நின்று அடுத்த ஆளைக் கவனித்தான். அந்த ஆள் பாதி ரிவர்ஸில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய்ச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, ஏறி மறுபடி ஓட்டினான். தம்பிக்கு இது களவாணித்தனம் என்று தோன்றியது. தேர்வாளரோ தலையாட்டி மார்க் போட்டார். அந்த ஆள் வெளியே வந்ததும் தம்பி பிடித்துக்கொண்டான். "எங்கங்க கத்துக்கிட்டீங்க?"

அப்படிப் போய்ச் சேர்ந்த இடத்துக்குக் கதவே இல்லை. தகரக் கொட்டகை, சுற்றிலும் பழைய டயர் அடுக்கு, ஒரு கிழட்டு லாரி, ஐந்து மாணவர்கள். சொல்லிக்கொடுப்பது இருபத்தாறு வயசுப் பெண். ஸ்டீயரிங்குக்கு எட்டுவதற்குத் தலையணை போட்டு உட்காரும் உயரம். தம்பி அவளை ‘மேடம்’ என்றான். அவள் இவனை ‘அண்ணே’ என்றாள். முதல் மூன்று நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. சுற்றி வா, குனிந்து பார், டயரைத் தட்டு. அதற்குப் பிறகு அவள் வாயில் இரண்டே வார்த்தை.

"எறங்கிப் பாருங்க அண்ணே."

"இப்பதான மேடம் பாத்தேன்."

"அது அப்ப. இப்ப எறங்கிப் பாருங்க."

இவன் கண் கூரைக்கு ஓடும் நோயை அவள் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டாள். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பார்கள். அவள் ஒரு வெள்ளைத் தாளில் ‘கண்ணாடியைப் பாருங்க அண்ணே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, சரியாக அவன் கண் போகிற இடத்தில், கூரையில் ஒட்டினாள். கண் மேலே போகும், எழுத்தைப் படிக்கும், வெட்கப்பட்டுக் கண்ணாடிக்கு வரும். நாலு நாளில் கழுத்து திருந்தியது.

ரிவர்ஸ் பாடம் வீட்டுக்கும் வந்தது. என் புது சூட்கேஸ், இரண்டு சக்கரம் வைத்தது, ஒரே ஒரு தடவை வெளியூர் பார்த்தது. அதன் பிடியை நீட்டிப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளினால் அசல் ட்ரெய்லர் மாதிரியே முரண்டு பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். நான்காவது மாடி நடைபாதையில் காலையும் மாலையும் சூட்கேஸ் ரிவர்ஸ். மகள் செருப்புகளைப் பீப்பாயாக அடுக்கிவைத்து, "அப்பா, எறங்கிப் பாரு!" என்று கத்துவாள். இவன் உடனே பிடியை விட்டுவிட்டு நடந்துபோய்ப் பின்னால் பார்ப்பான். எதிர் வீடுகளில் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். சூட்கேஸின் நான்கு மூலையும் நசுங்கியது. "என் சூட்கேஸ்டா பாவி!" என்று நான் கத்தியது பயிற்சியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இரண்டாம் தேர்வில் பத்துப் பீப்பாயும் நின்றன.

அடுத்தது வேலை. இதிலும் முதல் கை என்னுடையதுதான். பட்டும் புத்தி வராத ஜென்மம் என்று ஒன்று உண்டல்லவா, அது நான். ஊரிலேயே பெரிய லாரிக் கம்பெனி புது டிரைவர்களை எடுப்பதாக விளம்பரம் பார்த்து, நானே போன் போட்டேன். நேர்காணலுக்கு இருவருமாகப் போனோம். டை கட்டிய ஆள் ஒருவர். ஒரு வாய்க்குள் இத்தனை பல்லா என்று நினைக்கும்படி சிரித்தார். புது வண்டி, ஏ.சி., படுக்கை வசதி எல்லாம் சொன்னார்.

தம்பி கேட்டான்: "சார், சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாமா?"

"உள்ளூர் ரூட் போட்டுக் குடுத்துடறோம் சார். தினமும் வீடுதான். பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"பெரும்பாலும் சார்!" என்று இன்னும் நாலு பல்லைக் காட்டினார். இரண்டு வருஷம் வேறு எங்கும் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். திங்கட்கிழமை வரலாம் என்றார். கையில் ஒரு நீலத் தொப்பி கொடுத்தார். கம்பெனிப் பெயர் தங்க நூலில் பின்னியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு தொப்பி. தம்பி தலையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல்முறையாக ஒருவன் கலெக்டர் போல இருந்தான். அன்று இரவே மருந்துக் கடையில் பில் போட்ட அத்தனை பேரிடமும் சொன்னேன். காய்ச்சல் மாத்திரை வாங்க வந்தவரிடம்கூடச் சொன்னேன். அவருக்கு என்ன காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை.

தம்பி மனைவி மட்டும் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரும்பாலும்னாரா?" என்று கேட்டாள். அதே வாரம் அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது: அடுத்த மாதம் முதல் தேதி ராத்திரியிலிருந்து அவள் வார்டுப் பொறுப்பாளர்.

திங்கட்கிழமை தம்பி தொப்பியோடு போனான். கையெழுத்துப் போடும் அறை ஒன்பதாவது மாடி. படியேறலாம் என்று பார்த்தால் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சபதத்தை உடைத்து, மாதக்கணக்கில் முதல்முறையாக, தானாக ஓடும் லிஃப்டில் ஏறினான். கூட ஏறிய இரண்டு புது ஆட்களும் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். சிரித்துப் பழகிக்கொண்டார்கள். இவனும் அவர்களைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தான். லிஃப்டுச் சுவர்க் கண்ணாடியில் அதைப் பார்த்ததும் பகீரென்றது என்று பிறகு சொன்னான். "நானும் மேல போறவன் மாதிரி நிக்கிறேன்க்கா!"

ஒன்பதாவது மாடி வந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். இவன் இறங்கவில்லை. மூலைக்கு நகர்ந்து, தன் பழைய ஸ்டூல் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்தில் நின்றுகொண்டான். கீழே போனான், மேலே வந்தான், கீழே போனான். முக்கால் மணி நேரம் இப்படியே. காவலாளி ஒருமுறை எட்டிப் பார்த்து, "எந்த மாடி சார் வேணும்?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலங்க" என்றானாம். நல்லவேளை, தொப்பி இருந்ததால் அவர் விட்டுவிட்டார்.

அப்புறம் ஒன்பதாவது மாடியில் இரண்டு டிரைவர்கள் ஏறினார்கள். அதே நீலத் தொப்பி, இரண்டும் அழுக்கு. கதவு மூடியது.

"உள்ளூர் ரூட் எப்ப தருவீங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன். அடுத்த மாசம்னாங்க."

"எனக்கும் அதேதான் சொன்னாங்க."

"எப்ப?"

"போன வருஷம்."

இருவரும் சிரிக்கக்கூட இல்லையாம். கீழே வந்ததும் தம்பி தொப்பியைக் கழற்றிக் காவலாளி மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

அன்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "யாரோ ரெண்டு பேரு லிஃப்டுல பேசினான்னு, வந்த லட்சுமிய எட்டி உதைச்சுட்டு வந்திருக்கியே! நான் ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்டா!"

"உன்னை யாருக்கா சொல்லச் சொன்னா?"

நுணலும் தன் வாயால் கெடும். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி அவள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்ததை நான் பார்த்தேன். பேனாவால் போடவில்லை.

தம்பிக்கு வேலை இருந்தால்தான் வீட்டு நிலைமை தாங்கும். அது வீட்டுக்கு வரும் வேலையாக இருந்தால்தான் அவள் வேலை தாங்கும். இந்த நிலையில் இவன் என்ன செய்கிறான் என்று நான்காம் நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாட்டில் ஏற்றும் லாரிக் கம்பெனி ஒன்றின் கேட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து காலி பாட்டில்களை ஏற்றிப்போய், குளிர்பானம் நிரப்பும் இடத்தில் இறக்குகிற சின்னக் கம்பெனி. எட்டே எட்டு வண்டி, எட்டும் பெயின்ட் உரிந்தது. டிரைவர் ஒருவருக்கும் தொப்பி இல்லை. ஒருவருக்குத் தலைமுடியும் இல்லை.

"இங்க என்னடா பண்றே?"

"உக்காருக்கா. ஆறரைக்கு எல்லாரும் எறங்குவாங்க."

ஆறேகாலிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஆறரைக்கு டிரைவர்கள் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். வரும்போதே வசவு. சீட்டில் பஞ்சு இல்லை, முதுகு போச்சு என்றார் ஒருவர். முதலாளி மூஞ்சியைக் காலையில் பார்த்தால் மதியம் வரை பசி எடுக்காது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கலக்காமல் தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார்.

"கேட்டியா லட்சணத்தை? எழுந்திரு, போலாம்."

தம்பி முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "கேட்டியாக்கா? திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க."

"அதுல என்னடா சந்தோஷம்?"

"வீட்டுக்குப் போறாங்கக்கா! மூணு நாளா பாக்கறேன். எட்டு பேரும். ஆறரைக்கு."

மறுநாள் உள்ளே போனான். நானும் கூடவே போனேன். என்னை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு எந்த வயசிலும் வந்ததில்லை. முதலாளியை டிரைவர்கள் சிடுமூஞ்சி என்பார்கள், அது புகழ்ச்சி என்று நேரில் பார்த்ததும் புரிந்தது. "வண்டி பழசு. சீட்டு முதுகைக் கடிக்கும். ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவேன், அதுக்குள்ள வண்டி உள்ள வரணும். ஒரு நடைக்குப் பத்தாயிரம் பாட்டில். உடைச்சா எனக்குப் பிடிக்காது" என்றார். பிடித்தது எது என்று அவர் சொல்லவேயில்லை. பிறகு முற்றத்தைக் காட்டினார். "அந்த மேடையில ரிவர்ஸ்ல வந்து ஒட்டு."

இரண்டு சுவர்களுக்கு நடுவே, பாட்டில் இறக்கும் சிமென்ட் மேடை. வண்டியின் பின்பக்கத் தரையும் மேடைத் தரையும் ஒட்டி நிற்க வேண்டும். இடித்தால் உள்ளே இருக்கும் பாட்டில் எல்லாம் பேசும். எட்டு டிரைவர்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

தம்பி முதலில் சட்டைப் பையிலிருந்து மடித்த வெள்ளைத் தாளை எடுத்து, பிரித்து, கூரையில் ஒட்டினான். பிறகு கிளப்பினான். பத்தடி வந்தான். நிறுத்தினான். இறங்கிப் பார்த்தான். ஏறினான். ஐந்தடி. இறங்கிப் பார்த்தான். சிரிப்பு கிளம்பியது. "அண்ணே, வண்டியில போறதவிட நடந்து போறது ஜாஸ்தியா இருக்கே!" என்றது ஒரு குரல். நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். ஆனால் எனக்கே மானம் போயிற்று. எண்ணினேன்: பதினோரு தடவை.

கடைசி மூன்றடி இருக்கும்போது அவன் இறங்கவில்லை. இரண்டு கண்ணாடியையும் பார்த்தான், தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். மாடி வரப்போகிறது என்றால் லிஃப்டில் அப்படித்தான் சாய்ப்பான். வண்டி மூச்சு விடாமல் பின்னால் வந்து நின்றது. சத்தமே இல்லை. சிடுமூஞ்சி நடந்துபோய் வண்டிக்கும் மேடைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. இடித்த தடமும் இல்லை.

"பதினோரு வாட்டி எறங்கினியே, வெக்கமா இல்ல?" என்றார்.

"இருந்துச்சு சார். அதுக்காக எறங்காம உக்காந்திருக்க முடியுமா?"

சிடுமூஞ்சியின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சத்தியம் செய்ய மாட்டேன். "மாசக் கடைசியில ஒருத்தன் நின்னுக்கிறான். ஒண்ணாந்தேதி வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றாம் தேதி! அவனுக்கும் முதல் நாள், அவளுக்கும் முதல் ராத்திரி. அன்று மாலை ஏழு மணிக்கே அவள் வெள்ளை உடுப்பு மாட்டி, பையைத் தோளில் போட்டு, கதவருகே நின்றுவிட்டாள். நானும் கிளம்பி நின்றேன். மகள் மர ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏழு இருபது. ஏழரை. "பஸ் கிடைச்சிருக்காது" என்றேன். ஏழு முப்பத்தைந்து. எனக்கு உள்ளே ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்று தெரியவில்லை. இவனுக்கு லாரி ஆசை வந்ததிலிருந்து பாழாய்ப்போன சிடுமூஞ்சி வரை எல்லாரையும் மனசுக்குள் வைது தீர்த்தேன். ஏழு நாற்பதுக்கு அவள் போய் லிஃப்டுப் பொத்தானை அமுக்கினாள். கதவு திறந்ததும் மூடவிடாமல் ஒரு காலை வைத்துக்கொண்டாள். "கதவைத் தயவுசெய்து விடவும்" என்று அந்தக் குரல் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் காலை எடுக்கவில்லை.

ஏழு நாற்பத்திமூன்றுக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். நான்கு மாடியையும் படியில் ஏறி, நாக்குத் தள்ள, சட்டையெல்லாம் அழுக்காக வந்து நின்றான். அவள் லிஃப்டைப் பிடித்து வைக்காமல் இருந்திருந்தாலும் அவன் அதில் ஏறியிருக்க மாட்டான். அந்த நேரத்திலும் சபதம்!

"வந்துட்டேன்" என்றான். அதற்குமேல் மூச்சில்லை.

"பாப்பாவுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி. சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்றாள் அவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் உள்ளே தாவினேன். அவள் காலை எடுத்தாள். கதவு மூடியது.

லிஃப்டு இறங்கியது. மூன்றாவது மாடி தாண்டியது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே, கல் மனசுக்காரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போது அவள் பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"என்னது?"

"பொறுப்பாளர் வேலை வேண்டாம்னு எழுதின லெட்டர் அண்ணி. காலையிலயே எழுதிட்டேன். அவர் வரலேன்னா இன்னைக்குக் குடுத்துடலாம்னு." அவள் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரொம்பப் பயந்துட்டேன் அண்ணி. காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."

அதை இரண்டாகக் கிழித்தாள், நாலாகக் கிழித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, உதடு சிரித்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. லிஃப்டு இறங்கிக்கொண்டிருந்தது அல்லவா, என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பெரிய கம்பெனிக்குப் போகச் சொல்லி அவனைப் பிடுங்கி எடுத்தேனே, அது வேற எதுக்கும் இல்ல. அந்தத் தொப்பி எனக்குப் பிடிச்சிருந்தது. அவ்வளவுதான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் பிடிச்சிருந்தது அண்ணி."

இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "தரைத்தளம்" என்றது குரல். கதவு திறந்தது. மேலே போகக் காத்திருந்த நாலு பேர் காலரைச் சரிசெய்துகொண்டு எங்களுக்கு வழிவிட்டார்கள். நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.